சோளகக் காலத்தில் வன்னிக் குளத்தில் தூண்டில் போடப் போகிறவர்களுக்கு

சோளகக் காற்று அடிக்கிற ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் பெட்டிக்குள் தூண்டில் தடியோடு வந்து இறங்குவார். எங்கள் வீட்டுக்கு அப்படி வந்தவன் அக்காவின் மகன், கனடாவில் வளர்ந்தவன். அவன் கொண்டுவந்தது ஒன்பது அடி ஈத்தூண்டில். ஈயத்தைக் கட்டி வீசாமல், தடித்த நூலின் பாரத்தாலேயே ஒரு பொய் ஈயைத் தண்ணீரில் கொண்டுபோய் வைக்கிற முறை அது. குளிர் ஆறுகளில் ட்ரவுட் பிடிக்கிறவர்கள் வளர்த்தெடுத்த வித்தை.

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டில் நின்று, கயிற்றில் கட்டிய வெப்பமானியைத் தண்ணீருக்குள் விட்டு எடுத்துப் பார்த்தான். காலை ஏழரை மணிக்கே 29 பாகை.

"மாமா, அங்க 20 தாண்டினா ட்ரவுட் பிடிக்கிறதை நிப்பாட்டிடுவம். பிடிச்சுத் திருப்பி விட்டாலும் செத்திடும்."

"அப்பிடிப் பாத்தா இஞ்ச வருசம் முழுக்கத் தூண்டிலைத் தொடேலாது" என்றேன்.

இலங்கையில் ட்ரவுட் இருப்பது நுவரெலியாப் பக்கத்து மலை ஓடைகளில். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட மீன். வன்னிச் சூட்டில் அது ஒரு நாள் தங்காது. ஆனால் அவன் சொன்ன விதியின் காரணம் இங்கும் பொருந்தும். 20 பாகைத் தண்ணீர் ஒரு லீட்டரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். அதே சூட்டில் மீனின் உடம்பு வேகமாக ஓடும், மூச்சு கூடுதலாகத் தேவைப்படும். வரவு குறைய, செலவு கூடுகிறது. ஆகவே வெயில் காலத்தில் தூண்டில் போடப் போகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது இரையைப் பற்றி அல்ல. இந்தக் குளத்தில் மீன் இப்போது எங்கே நின்று மூச்சு விடுகிறது என்பதை.

போவதற்கு முன் கேட்க வேண்டியவர்கள்

வன்னியின் பெரிய குளங்களில் நன்னீர் மீன்பிடிச் சங்கங்கள் இருக்கின்றன. குளத்தில் மீன் குஞ்சு விடுவதும் வலை போடுவதும் அவர்கள் ஊடாகத்தான் நடக்கிறது. ஒரு தடியோடு போகிறவரைப் பெரும்பாலும் யாரும் மறிப்பதில்லை, என்றாலும் கரையில் தோணி இழுத்து வைக்கிற இடத்தில் நிற்கிறவரிடம் "அண்ணை, தூண்டில் போடலாமோ?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மரியாதைக்கு மட்டும் சொல்லவில்லை. வலை எங்கே கிடக்கிறது, முதலை எந்தப் பக்கம் படுக்கிறது, நேற்று எந்த மூலையில் மீன் பட்டது என்று மூன்று விஷயமும் அந்த ஒரு கேள்விக்குப் பதிலாக வந்துவிடும். வெறும் பிளாஸ்டிக் போத்தல்கள் வரிசையாக மிதந்தால் கீழே வலை இருக்கிறது. அந்தப் பக்கம் வீசாதீர்கள்.

சுண்டிக்குளம் தேசியப் பூங்காவுக்குள் தூண்டிலோடு போகக் கூடாது. கோயில் கேணிகளும் வேண்டாம். இன்னொன்று: வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலை ஒட்டிப் பல வீடுகளில் மச்சம் சமைக்க மாட்டார்கள். அந்த நாட்களில் பெரிய விரால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போய் நின்றால் வாசலோடு திரும்ப வேண்டி வரும்.

நேரம்

"விடியற்காலை போ" என்பதுதான் எல்லோரும் சொல்கிற புத்தி. பெரும்பாலும் சரி, ஆனால் எல்லாக் குளத்துக்கும் சரியில்லை. பாசியும் கொடியும் இரவில் ஒட்சிசன் தருவதில்லை. மீனைப்போல அவையும் அதை எடுத்துக்கொள்கின்றன. அதனால் பச்சைப் பசேல் என்று பாசி பிடித்த சின்னக் குளத்தில் தண்ணீர் மிகவும் மூச்சுத் திணறுகிற நேரமே விடியற்காலைதான். அந்த நேரம் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். புதிதாக வருகிறவர் அதைப் பார்த்து, மீன் பசியோடு நிற்கிறது என்று நினைத்துத் தூண்டிலை எறிவார். அது திரும்பியும் பார்க்காது. அப்படியான குளத்தில் வெயில் விழுந்து ஒரு மணித்தியாலம் கழித்துத் தொடங்குங்கள்.

பெரிய குளங்களில், காற்றும் அலையும் இருப்பதால், சூரியன் கிளம்புகிற ஆறு மணியிலிருந்து எட்டரை வரை நல்ல நேரம். ஒன்பதுக்குப் பிறகு மூட்டை கட்டிவிடலாம். பின்னேரம் ஐந்துக்கு மேல் மறுபடி மீன் அசையும். அதே நேரம்தான் யானையும் தண்ணீருக்கு இறங்கும் என்பதால் புதியவர்களுக்குப் பின்னேரத்தை நான் சொல்வதில்லை.

நான் பழகிய காலத்தில் ஒரு தடவை பதினொரு மணிக்குப் போய் வெட்டவெளியில் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஐயா ஒருவர் அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வெயில் காயவோ வந்தனீர்? மீனும் மத்தியானம் படுக்கத்தானே வேணும்" என்றார். அன்று கிடைத்தது தலையிடி மட்டும்.

இடம்

சோளகம் வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும். இரணைமடுவின் கட்டு குளத்துக்கு வடக்குப் பக்கம். அதாவது காற்று முழுக் குளத்தையும் கடந்து வந்து அலையைக் கட்டின் மேல்தான் மோதும். அலை உடைகிற இடத்தில் தண்ணீரில் காற்றுக் கலக்கிறது, மிதந்து வருகிற பூச்சியும் பாசித் துணுக்கும் அங்கேயே ஒதுங்குகின்றன. முகத்தில் காற்றடிக்கிற கரை நிற்பதற்குச் சிரமமானது. மீன் நிற்பதும் அங்கேதான். உங்கள் குளத்திலும் இதே கணக்கைப் போடுங்கள். காற்று எங்கிருந்து வருகிறது, அலை எந்தக் கரையில் முடிகிறது என்று பாருங்கள்.

இரண்டாவது இடம் துருசுக்குக் கீழே, அதாவது குளத்துத் தண்ணீரைத் திறந்து விடுகிற மதகுக்குக் கீழே. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்திருக்கிற நாட்களில் துருசால் விழுந்து நுரைத்து ஓடுகிற வாய்க்கால் தண்ணீர் நன்றாக மூச்சுப் பிடித்திருக்கும். வாய்க்கால் ஓரம் மர நிழலும் இருந்தால் வேறு இடம் தேட வேண்டாம். குளத்துப் பக்கத்தில் துருசு வாய்க்குக் கிட்ட மட்டும் இறங்காதீர்கள். அங்கே தண்ணீர் உள்ளே இழுக்கும்.

மூன்றாவது மடு. கனகராயன் ஆறு, பாலி ஆறு எல்லாம் இந்தக் காலத்தில் ஓடுவதில்லை. மணல் தெரியும், இடையிடையே மருத மரங்களின் கீழ் ஆழமான இடங்களில் மட்டும் தண்ணீர் நிற்கும். அதைத்தான் மடு என்கிறோம். இரணை என்றால் இரட்டை. இரணைமடு என்ற பெயருக்குள்ளேயே இரண்டு மடு இருக்கிறது. கோடையில் ஆற்று மீன் அத்தனையும் இந்த மடுக்களில் ஒதுங்கிவிடுவதால் மீன் பிடிப்பது மிகச் சுலபம். சுலபம் என்பதாலேயே நான் ஒரு மடுவில் இரண்டு மீனுக்கு மேல் எடுப்பதில்லை. மாரியில் ஆறு ஓடத் தொடங்கும்போது மேலும் கீழும் போகப்போவது இதில் மிஞ்சியவைதான்.

பையில் என்ன இருக்க வேண்டும்

கடையில் வாங்குவதற்கு அதிகம் இல்லை. பத்து, பன்னிரண்டு அடி மூங்கில் தடி. இல்லையென்றால் மடக்குகிற ஃபைபர் தடி. தடியின் நீளத்துக்கே மெல்லிய தங்கூசி, அதாவது நைலோன் நூல். சின்னத் தூண்டில் முள் 10 அல்லது 12ஆம் இலக்கம், ஒரு பக்கெட். நெல்லளவு ஈயம். மிதப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள்: காய்ந்த நெட்டித் துண்டு போதும், அதைவிட நல்லது உதிர்ந்து கிடக்கிற மயிலிறகின் வெள்ளைத் தண்டு. வன்னியில் மயிலுக்கா பஞ்சம்?

முள்ளின் உள்பக்கத்தில் இருக்கிற கொளுவியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீன் ஒன்றிரண்டு கழன்று போகும்தான். ஆனால் உங்கள் விரலில் ஏறினாலும் அதே சுலபத்தோடு கழரும். நசுக்காத முள் ஒன்று என் பெருவிரலில் ஏறி, அதை எடுக்க முப்பது கிலோமீற்றர் மோட்டார் சைக்கிளில் போன பிறகு நான் பழகிக்கொண்டது இது.

இவற்றோடு ஆளுக்கு மூன்று லீட்டர் தண்ணீர், தண்ணீரில் கரைத்துக் குடிக்க ஒரு ஜீவனிப் பக்கெட், முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, கழுத்தில் நனைத்துப் போட ஒரு துவாய், முழங்கால் வரை வருகிற சப்பாத்து. ஐஸ் போட்ட சின்ன ரெஜிபோம் பெட்டி.

ஜப்பான் மீனில் தொடங்குங்கள்

ஜப்பான் மீன் என்று நாங்கள் சொல்கிற திலாப்பியாவுக்கும் ஜப்பானுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆபிரிக்க மீன், 1952இல் இலங்கைக் குளங்களில் விடப்பட்டது. சூட்டையும் ஒட்சிசன் குறைவையும் மற்ற மீன்களைவிட நன்றாகத் தாங்கும். அதனால் கோடையில் பழகத் தொடங்குகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான மீன் கிடையாது.

முதலில் ஆழம் பாருங்கள். முள்ளில் கொஞ்சம் பாரமான ஈயத்தைக் கொளுவி விட்டால் மிதப்புத் தாழும். தாழாமல் நுனி மட்டும் தெரிகிற அளவுக்கு மிதப்பை நூலில் மேலே ஏற்றிக்கொண்டே வாருங்கள். அதுதான் அந்த இடத்தின் ஆழம். இரை நிலத்திலிருந்து ஒரு சாண் மேலே நிற்கும்படி வையுங்கள். ஒரு முழத்துக்குக் குறைவான ஆழமென்றால் இடத்தை மாற்றுங்கள். ஏழு மணிக்கெல்லாம் அந்தத் தண்ணீர் சூடேறிவிடும்.

அப்புறம் ஒரு பிடி தவிட்டோடு முதல் நாள் பாணை நனைத்துப் பிசைந்து, தேசிக்காய் அளவில் இரண்டு உருண்டை போடுங்கள். இரண்டே இரண்டு. கூடப் போட்டால் மீன் அதைத் தின்றுவிட்டுப் போய்விடும். பத்து நிமிடம் சும்மா இருங்கள். கட்டில் நின்று கதைப்பதோ கல்லில் காலை உரசுவதோ வேண்டாம். உங்கள் நிழல் தண்ணீரில் விழாமல் ஒதுங்கி உட்காருங்கள்.

இரைக்கு மண்புழு, நாக்கிளிப் புழு என்று ஊரில் சொல்வது, நல்லது. ஆனால் கோடையில் கிண்டினால் புழு வராது. கிணற்றடியில் வாழைக்குக் கீழே, தண்ணீர் ஊறுகிற இடத்தில் மட்டும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பாணின் உள்வெள்ளையை நகத்தளவு பிய்த்து முள்ளில் அமத்தி உருட்டுங்கள்.

ஜப்பான் மீன் தொடுகிற விதம் வேறு. மிதப்பு ஒரேயடியாக உள்ளே போகாது. முதலில் நுனி நடுங்கும், சுற்றிச் சின்ன வளையம் போகும். அது வாயால் தொட்டுப் பார்ப்பது. கையை அசைக்காதீர்கள். அடுத்து மிதப்புச் சாய்ந்து பக்கவாட்டில் நகரத் தொடங்கும். அந்த நகர்வில்தான் மணிக்கட்டை மட்டும் மெல்ல உயர்த்த வேண்டும். தோளிலிருந்து இழுத்தால் வாய் கிழிந்து போய்விடும், அல்லது மீன் தலைக்கு மேலால் பறந்து வந்து பின்னால் பூவரசில் தொங்கும். இரண்டையும் செய்திருக்கிறேன்.

சின்னதாக இருந்தால் திருப்பி விடுங்கள். கையை நனைத்துப் பிடித்து, முடிந்தால் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். கட்டின் கல் வெயிலில் தோசைக்கல் மாதிரிக் கொதிக்கும். அதன் மேல் ஒரு நிமிடம் துள்ளிய மீனைத் தண்ணீரில் விட்டு, நீந்திப் போகிறது என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை. வாய்க்குள் குஞ்சுகளோடு வருகிற தாய் மீனும் உண்டு. தூக்கியவுடன் குஞ்சுகளைத் துப்பிவிடும். அதைப் பார்த்தால் அந்த மூலையை விட்டு எழும்பிவிடுவது நல்லது.

விரால்

நாலைந்து காலை ஜப்பான் மீனோடு பழகிய பிறகு விராலுக்குப் போங்கள். இந்த மீனுக்கு மேலே சொன்ன மூச்சுக் கணக்குச் செல்லாது, ஏனென்றால் அது காற்றையே நேரே குடிக்கும். தண்ணீரில் ஒட்சிசன் குறையக் குறைய அடிக்கடி மேலே வரும். நீங்கள் தேட வேண்டியதும் அதைத்தான்: அல்லி இலைகளுக்கு நடுவே "பொளக்" என்று ஒரு சத்தம், பிறகு ஒரு வளையம். ஓடிப்போய் வளையத்துக்குள் எறியாதீர்கள். அது இறங்கிவிட்டது. இடத்தை இலை அடையாளம் வைத்துப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். சில நிமிடத்தில் அதே சுற்றுவட்டத்தில் மறுபடி வரும்.

இதற்கு ஏழு அடித் தடியும் ரீலும், 30 இறாத்தல் பிரெய்ட் நூலும் வேண்டும். இரை ரப்பர் தவளை. முள் உடம்போடு ஒட்டியிருப்பதால் கொடியில் மாட்டாது. வளையம் வந்த இடத்தைத் தாண்டி இரண்டு மூன்று பாகம் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) அப்பால் எறிந்து, இலைகளின் மேலால் தத்தவிட்டு இழுங்கள். இலை முடிந்து வெறும் தண்ணீர் தொடங்குகிற விளிம்பில் ஒரு கணம் நிறுத்துங்கள். பெரும்பாலும் அங்கேதான் தண்ணீர் வெடிக்கும். வெடித்தவுடன் இழுக்க உங்கள் கை துடிக்கும். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணி, நூல் இறுகிய பிறகு இழுங்கள்.

செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் பந்துபோலத் திரண்டு மேலே கொதித்துக்கொண்டிருந்தால் கீழே தாயோ தகப்பனோ காவல் நிற்கிறது. கிட்டே என்ன விழுந்தாலும் கோபத்தில் பாய்ந்து கடிக்கும். அதைப் பிடிப்பதைக் கெட்டித்தனம் என்று நான் கணக்கெடுப்பதில்லை. காவல் போனால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் அன்றைக்கே முடித்துவிடும்.

ஈத்தூண்டில் கொண்டுவந்தவர்களுக்கு

பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மருமகன் இரணைமடுக் கட்டில் மூன்று நாள் தோற்றான். எதிர்க்காற்று அவன் ஈயைத் திருப்பிக் கொண்டுவந்து அவன் தொப்பியிலேயே குத்தியது. நாலாம் நாள் வாய்க்காலுக்கு இறங்கினோம். அங்கே காற்று இல்லை, ஓடுகிற தண்ணீர், அகலம் நாலைந்து பாகம். பின்னால் வாய்க்கால் வரம்பின் புல் பிடிப்பதால் தடியைப் பின்னுக்கு ஓங்காமல், நூலைத் தண்ணீரில் வைத்தபடியே முன்னுக்கு உருட்டி விடுகிற வீச்சுத்தான் சரிப்பட்டது. ட்ரவுட்டுக்குக் கட்டிய ஈக்களில் பளபளப்பானவை எதுவும் எடுபடவில்லை. பச்சை நூலில் பாசித் துணுக்குப்போல இருந்த ஒரு சின்ன ஈயை ஓட்டத்தோடு மெல்லப் போகவிட்டபோது நூல் நுனி நின்றது. உள்ளங்கை அகல ஜப்பான் மீன். ஐந்தாம் இலக்கத் தடியை அது வில்லாக வளைத்ததைப் பார்த்து, வரம்பில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன்கள் கைதட்டினார்கள். அவர்கள் அதே வாய்க்காலில் காலையிலிருந்து மூங்கில் தடியால் எட்டு மீன் எடுத்திருந்தார்கள் என்பது வேறு கதை.

வீசும்போது கண்ணாடி போடுங்கள். வெயிலுக்காக மட்டும் இல்லை, முள் கண்ணில் ஏறாமல் இருக்கவும்தான்.

கவனம்

இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

குளம் வற்ற வற்ற மாரி முழுவதும் தண்ணீருக்குள் கிடந்த நிலம் வெளியே தெரியும். புதிதாகத் தெரிகிற நிலத்தில் குறுக்கே நடக்காதீர்கள். வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை பல ஆண்டுகளாக நடந்திருக்கிறது, ஆனால் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கிற இடத்துக்கு அப்பால் ஒரு அடியும் வைக்கக் கூடாது. பலகை இல்லாத இடத்திலும் மாட்டுத் தடமோ ஆள் தடமோ உள்ள பாதையால் மட்டும் போங்கள். துருப்பிடித்த இரும்பு எதையும் காலால்கூடத் தட்ட வேண்டாம். இடத்தை நினைவில் வைத்து, வந்த தடத்தாலேயே திரும்பி, கிராம அலுவலரிடமோ பொலிசிடமோ சொல்லுங்கள்.

தண்ணீர் சுருங்கினால் முதலையும் அதே தண்ணீருக்குள் நெருங்கிவிடும். முழங்காலளவு இறங்கி நின்று வீசுகிற பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். விளிம்பிலிருந்து இரண்டு பாகம் தள்ளி நில்லுங்கள். பிடித்த மீனை வலைப்பையில் போட்டுக் காலடியில் தண்ணீரில் தொங்கவிடாதீர்கள், மீன் வெட்டிய தண்ணீரையும் அங்கே ஊற்றாதீர்கள். பற்றைக்குள் கால் வைப்பதற்கு முன் தடியால் தட்டுங்கள். புடையன் பாம்பு நிழல் தேடிப் படுக்கிற காலம் இது.

தலை சுற்றினால், வியர்வை நின்று உடம்பு கொதித்தால், மீன் தூண்டிலில் இருந்தாலும் விட்டுவிட்டு நிழலுக்கு வாருங்கள். துவாயை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள். ஆள் பிதற்றினாலோ மயங்கினாலோ 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். தனியாகப் போகாதீர்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

பிடித்த மீன்

சமைக்க எடுக்கிற மீனைத் துடிக்க விடாமல் தலையில் ஒரே அடி, உடனே ஐஸ். இந்தச் சூட்டில் ஒரு மணித்தியாலம் வெளியே கிடந்த ஜப்பான் மீனின் வயிறு கரையத் தொடங்கிவிடும். விரால் ஈரச் சாக்கில் வீடு வரை உயிரோடு வரும், அதனால் அதைக் கடைசியில் வெட்டலாம்.

கோடை மீனில் சேற்று மணம் என்று மூக்கைப் பிடிப்பவர்கள் உண்டு. அந்த மணம் பெரும்பாலும் தோலிலும் வயிற்றின் உள்சுவரில் ஒட்டியிருக்கிற கறுப்புச் சவ்விலும்தான். சவ்வை விரலால் உரித்து எடுத்துவிட்டு, உப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டு உரசிக் கால் மணித்தியாலம் வைத்துக் கழுவுங்கள். ஜப்பான் மீனைப் பொரிக்கலாம். விராலைப் புளி கொஞ்சம் தூக்கலாகக் கரைத்துக் குழம்பு வையுங்கள். அன்றைக்கே சாப்பிட்டு முடித்துவிடாமல், இரண்டு துண்டை மண் சட்டியோடு மூடி அடுத்த நாள் காலைப் புட்டுக்கு வைத்துவிடுங்கள்.